சிவப்பு ஹாஸ்டல், வெள்ளை காந்திபுரம்

"ஸ்டூடண்ட் யாருங்க சார்?"

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டதும் நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. ஒரு தண்ணீர் கேன் மட்டும் இருந்தது.

"நானுங்க," என்று வாய் முந்திக்கொண்டது. "அதாவது, எம்பொண்ணுங்க."

"அவங்க வரலீங்களா?"

"புள்ள ஊட்டுல தூங்குதுங்க."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு போலிருக்கிறது. ஒரு படிவத்தை என் பக்கம் நகர்த்தினாள். பெயர், பள்ளி, பிறந்த நாள் எல்லாம் பூர்த்தி செய்தேன். 'மாணவர் கையொப்பம்' என்ற இடத்தில் என் கையெழுத்தையே போட்டுவிட்டேன். கடையில் எந்தக் காகிதம் வந்தாலும் கீழே கையெழுத்துப் போட்டுப் பழகிய கை.

இடம் கோவை காந்திபுரம். ஒரு நீட் பயிற்சி மையத்தின் இரண்டாவது மாடி. கீழே டவுன் பஸ்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன. மேலே ஏசிக் குளிரும் புதுப் பெயின்ட் வாசனையும். போன வருடம், தென்மேற்குக் காற்று வீச ஆரம்பித்திருந்த நேரம். தேதி நினைவில்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டே படி ஏறியது மட்டும் நினைவிருக்கிறது.

என் மகள் நிவேதா ப்ளஸ் டூ முடித்து அந்த வருடம்தான் முதல்முறையாக நீட் எழுதியிருந்தாள். பாஸ்தான். ஆனால் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கிற மார்க் இல்லை. முடிவு வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு வெளியே வந்து முகம் கழுவிக்கொண்டு, "இன்னொரு வருசம் படிச்சு எழுதறனுங்கப்பா," என்றாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். எங்கே சேர்ந்து படிப்பது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"டெமோ கிளாஸ் நடக்குதுங்க சார். பேரண்ட்ஸும் உக்காந்து பாக்கலாம்," என்றாள் அந்தப் பெண்.

போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில் என் வயிற்றுக்கு இடம் விட்டிருக்கவில்லை. இயற்பியல் வாத்தியார் இளைஞர். எதையோ வேகமாக வரைந்துவிட்டு, "மோட்டார் எந்தப் பக்கம் சுத்தும்னு கண்டுபிடிக்க எந்தக் கைய நீட்டோணும்? லாஸ்ட் பெஞ்ச் அங்கிள், நீங்க சொல்லுங்க," என்றார்.

நான் இருபத்தைந்து வருடமாக மோட்டார் பம்பு உதிரி பாகங்கள் விற்கிறவன். கோயமுத்தூரில் என் கைபடாத மோட்டார் குறைவு. எழுந்து நின்று, கம்பீரமாக வலது கையை நீட்டினேன்.

"இடது கைங்க அங்கிள்," என்று பக்கத்தில் இருந்த பெண் குழந்தை மெதுவாகச் சொன்னது. அதற்குள் வகுப்பே சிரித்துவிட்டது. வாத்தியாரும் சிரித்தார். எனக்கு அந்த வாத்தியாரைப் பிடித்துப்போயிற்று.

சுற்றிவிட்டுக் காதில் வைத்துக் கேட்பது

மோட்டாருக்குள் சுழலும் ஒரு பேரிங் நல்லதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. விரலில் மாட்டிச் சுற்றிவிட்டுக் காதருகே கொண்டுபோவேன். சத்தமில்லாமல் சுற்றினால் நல்ல சரக்கு. கரகரத்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான்.

பயிற்சி மையத்தையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒவ்வொரு மையத்திலும் வராந்தாவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சத்தம் இல்லாத இடம் நல்ல இடம் என்பது என் கணிப்பு. ஒரு மையத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அதற்கு முதலிடம் கொடுத்து வீட்டில் வந்து புகழ்ந்தேன். அன்று அங்கே விடுமுறை என்பது பிறகுதான் தெரிந்தது.

லாங் டேர்ம், ரிப்பீட்டர் பேட்ச், கிராஷ் கோர்ஸ், வீக்எண்டு பேட்ச் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். போன வருடத்து நாட்காட்டித் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு எல்லாவற்றையும் எழுதினேன். மெஸ், ஃபேன், கழிவறை, வாத்தியார் குரல், பஸ் வசதி. ஒரு மையத்துக்கு நேராக 'முறுக்கு நன்று' என்று எழுதியிருக்கிறேன். எதிரிலிருந்த பேக்கரியில் தின்ற முறுக்கு அது. மையத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை விளங்கவில்லை.

ஃப்ளெக்ஸ் பேனர்கள் இன்னொரு கூத்து. மூன்று மையங்களின் வாசலில் ஒரே முகச் சாயலில் மூன்று பையன்கள். ஒருவன் நீலச் சட்டை, ஒருவன் கண்ணாடி, ஒருவன் கோட்டு. வீட்டுக்கு வந்து என் மனைவி வளர்மதியிடம், "ஒரே குடும்பத்துல மூணு பசங்க, மூணு பேரும் டாக்டரு. பெத்தவங்க குடுத்து வெச்சவங்க," என்று பெருமூச்சு விட்டேன்.

வளர்மதி தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். முகவரியைப் படிக்காமல் உறையைக் கையில் எடுக்கமாட்டாள். நான் எடுத்து வந்த போட்டோக்களை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, மூணு பசங்களுக்கும் ஒரே பேரு, ஒரே இனிசியலுங்களா?"

போனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

பெட்ஷீட் முந்திக்கொண்டது

என் அக்கா சரோஜாவைச் சென்னிமலையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாமா பெட்ஷீட் வியாபாரம். அவர்களுடைய ஒரே மகன் கோகுல், அரசு மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம். அவன் டாக்டருக்குச் சேர்ந்தது எங்கள் குடும்பத்தில் ஒரு பெரிய சங்கதி. அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் அக்காவுக்கு முன்வரிசை நாற்காலிதான்.

கோகுல் படித்தது கிழக்கே, பொட்டல் காட்டுக்கு நடுவில், சுற்றிலும் மதில் எழுப்பிய ஒரு விடுதிப் பயிற்சி மையத்தில். காலை ஐந்து மணிக்கு விசில். ஞாயிறு மட்டும் பத்து நிமிடம் போன். நிவேதாவின் மார்க் தெரிந்த மறுநாளே அக்கா போனில் வந்தாள்.

"ஏந்தம்பி, ஊட்டுல வெச்சுப் படிக்க வெச்சா அது போனத்தான் நோண்டீட்டிருக்கும். கொண்டுபோயி அந்த ஹாஸ்டல்ல உட்டுப்போட்டு வா. ஒரே வருசம். கண்ண மூடித் தொறந்தா சீட்டு."

"பாக்கறனுங்கக்கா."

"என்னத்தப் பாக்கறது? எங்க கோகுலப் பாரு."

நான் பார்த்து முடிப்பதற்குள் பஸ் பார்சலில் நான்கு பெட்ஷீட் வந்து சேர்ந்தது. இரண்டு விரிக்க, இரண்டு போர்த்த. ஹாஸ்டலில் துணி மாறிப்போகக் கூடாது என்று மூலையில் 'நிவேதா' என்று சிவப்பு நூலில் பெயர் வேறு. இடம் முடிவாகும் முன்பே படுக்கை முடிவாகிவிட்டது.

அன்று சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"ஹாஸ்டல்னா படிப்புல கவனம் செதறாது கண்ணு."

"செரிங்கப்பா."

"ஞாயித்துக்கெழம மட்டுந்தான் போன் தருவாங்களாம்."

"செரிங்கப்பா."

"வெடியால அஞ்சு மணிக்கே எழுப்பீருவாங்களாம்."

"செரிங்கப்பா."

வெற்றியோடு சமையலறைக்குப் போனேன். "புள்ள ஒத்துக்கிச்சு. மூணு தடவ செரின்னு சொல்லிப்போட்டா," என்றேன்.

வளர்மதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "மூணு தடவையும் செரின்னாளா?"

"ஆமா."

"அப்பச் செரி," என்று சொல்லிவிட்டு மறுபடி கீரைக்குத் திரும்பிவிட்டாள். அதையும் நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

நான் ஓடிப்போன கதை

ஹாஸ்டலின் பெருமையை மகளிடம் பேசும்போது நான் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "நானெல்லாம் ஹாஸ்டல்ல இருந்துதான் மனுசனானேன்." இதைச் சொல்லும்போது என் குரல் தானாகவே கொஞ்சம் கனத்துவிடும். இதுவரை யாரிடமும் சொல்லாததை இந்த வாரம் வாசகர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் காலத்தில் நீட் கிடையாது. மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. எங்கள் வீட்டிலும் என்னை டாக்டராக்கிப் பார்க்கும் ஆசை இருந்தது. அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என்னைப் பெயர்த்தெடுத்து, ப்ளஸ் டூவுக்கு ஒரு விடுதிப் பள்ளியில் நட்டார்கள். அறைக்கு இருபது பேர். சரியாகக் காயாத பனியன்களின் வாடையும் டிரங்குப் பெட்டிக்குள் ஒளித்து வைத்த நிலக்கடலை உருண்டையின் வாடையும் கலந்து வரும். மாதத்துக்கு ஒரு ஞாயிறு பெற்றோர் வருவார்கள். வேப்பமரத்தடியில் சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்தால் போதும், சாப்பிடும் முன்பே பையன்கள் அழுதுவிடுவார்கள். நானும் அழுதிருக்கிறேன். காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அது தயிர்சாதம்.

ஒருநாள் தாங்கமுடியாமல் ஓடிப்போனேன். மதியம் எல்லாரும் வகுப்பில் இருக்கும்போது பின்பக்கக் கம்பி வேலியைத் தூக்கிப் பிடித்து வெளியே வந்து, மூன்று மைல் நடந்து பஸ் நிலையம் சேர்ந்தேன். அங்கே ஒரு பேக்கரியில் தேங்காய் பன் தின்றேன். அவினாசி வழியாக எங்கள் ஊருக்குப் போகிற பஸ் வந்தது, நின்றது, போனது. ஏறத் தைரியம் வரவில்லை. வீட்டில் போய் என்ன சொல்வது? இன்னொரு பன் தின்றுவிட்டுத் திரும்ப நடந்து வந்து, அதே கம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

நான் ஓடிப்போனது யாருக்கும் தெரியவில்லை. வருகைப் பதிவில்கூட நான் இருந்தேன். பக்கத்துப் பையன் எனக்கும் சேர்த்து 'பிரசண்ட் சார்' சொல்லியிருந்தான். அன்று வந்த அழுகை பிறகு எதற்கும் வந்ததில்லை.

கடைசியில் எனக்கு மருத்துவம் கிடைக்கவில்லை. என் மார்க்கைப் பார்த்த எங்கள் ஐயன், அதாவது என் அப்பா, "செரி, மோட்டார் வேலையாச்சும் கத்துக்க," என்றார். இதுதான் நான் மனுசனான வரலாறு. இப்படிப்பட்டவன்தான் மகளை அங்கே அனுப்ப நாட்காட்டித் தாளில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

பூக் கேட்டல்

டெமோ வகுப்புக்குப் பிறகு எனக்குள் ஒரு இழுபறி. ஒரு பக்கம் அக்காவின் விடுதி. ஒரு பக்கம் என்னைப் பார்த்துச் சிரித்த காந்திபுரம் வாத்தியார். காந்திபுரம் என்றால் தினமும் போய் வரலாம், சாயங்காலம் வீட்டில் இருப்பாள். விடுதி என்றால் ஒரு வருடம் கண்ணில் படமாட்டாள். மனது விடுதிப் பக்கம்தான் சாய்ந்தது. ஊர் உலகம் கேட்டால் சொல்ல அதுதான் நன்றாக இருந்தது.

முடிவெடுக்கத் தெரியாத விஷயத்துக்கு எங்கள் பக்கம் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பூக் கேட்பது. கிணறு வெட்டுவது, கல்யாணம் முடிப்பது, நிலம் வாங்குவது எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். ஒரு சிவப்புப் பூ, ஒரு வெள்ளைப் பூ. வெளியே தெரியாதபடி தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, விஷயம் தெரியாத யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. நீட் கோச்சிங்குக்குப் பூக் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்கவேண்டும்.

அன்னூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வம் கோவிலுக்குக் காரில் மூவரும் போனோம். சிவப்பு வந்தால் ஹாஸ்டல், வெள்ளை வந்தால் காந்திபுரம் என்று நானே முடிவு செய்தேன். ஹாஸ்டலுக்குச் சிவப்பைக் கொடுத்ததில் ஒரு உள்நோக்கம் உண்டு. எங்கள் சாமி அம்மன். அம்மனுக்குச் சிவப்புப் பிடிக்கும். சாமியிடமே சிபாரிசு பிடிக்கிற புத்தி.

பூசாரிக்கு நாற்பது வயதிருக்கும். காதில் ப்ளூடூத். அதைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு, "யாருக்காகக் கேக்கறீங்களோ, அவங்க கையாலயே மடிக்கோணுமுங்க," என்றார். நான் ஒரு செவ்வரளியையும் ஒரு நந்தியாவட்டையையும் நிவேதாவிடம் கொடுத்தேன். அவள் செய்தித்தாள் துண்டு இரண்டை வாங்கிக்கொண்டு, கோவில் குழாயடிப் பக்கம் திரும்பி நின்று மடித்துக் கொண்டுவந்தாள். இரண்டு பொட்டலமும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவு.

சாமி கும்பிட வந்திருந்த ஒரு அம்மாவைப் பூசாரி கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். அந்தம்மா கண்ணை மூடி ஒன்றை எடுத்தார்.

வெள்ளை.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனால் வியாபாரி அல்லவா? "ஒருக்காக் கேட்டா எப்படிங்க? மூணு தடவ கேக்கறதுதானுங்க மொற," என்றேன். அப்படி ஒரு முறை உண்டா என்று எனக்கே தெரியாது. பூசாரி மகளைப் பார்த்தார். மகள் பிரித்ததை மறுபடி மடித்துக் குலுக்கிப் போட்டாள். அந்தம்மா எடுத்தார். வெள்ளை. மறுபடியும் மடித்தாள். மறுபடியும் வெள்ளை.

"உத்தரவு பலமா இருக்குதுங்க," என்றார் பூசாரி. அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். வளர்மதி கோபுரத்தில் இருந்த ஒரு மைனாவைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று முறை ஒரே சரக்கு வந்தால் மீதிச் சரக்கையும் பிரித்துப் பார்ப்பது கடைக்காரன் வழக்கம். எடுக்கப்படாத பொட்டலம் தட்டில் கிடந்தது. அந்தச் சிவப்பையாவது கண்ணால் பார்த்து ஆறுதல் அடையலாம் என்று எடுத்துப் பிரித்தேன்.

நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று.

சட்டென்று மூடிவிட்டேன். ஆனால் பூசாரி பார்த்துவிட்டார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ப்ளூடூத்தை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னும் கேக்கோணுங்களா?"

"வேண்டாங்க," என்றேன்.

சத்தி ரோட்டில்

கார் கணேசபுரம் தாண்டியது. காற்று கண்ணாடியில் மோதிக்கொண்டிருந்தது. நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"சிவப்பு எங்க கண்ணு?"

"சாமி காலடியில வெச்சுட்டனுங்கப்பா." பின் சீட்டிலிருந்து பதில் வந்தது. "ரெண்டாவது நந்தியாவட்ட குழாயடிச் செடியில இருந்துச்சுங்க."

"சாமியவே ஏமாத்திப்போட்டயா?"

"சாமிய ஏமாத்தலீங்கப்பா. ரெண்டும் வெள்ளைன்னு சாமிக்குத் தெரியுமுங்களே." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்களத்தானுங்க."

வளர்மதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. எனக்கு நெஞ்சுக்குள் கோபம் ஏறியது. ஏறிய வேகத்தில் குரலும் ஏறியது.

"ஹாஸ்டல் வேண்டாம்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல? நான் ஒரு மாசமா நாய்பட்ட பாடு பட்டனே!"

"சொன்னனுங்களே."

"எப்பச் சொன்ன?"

"செரிங்கப்பான்னு சொன்னனே. மூணு தடவ."

காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். நிறுத்தவேண்டிய அளவுக்கு அது என்னைத் தாக்கியது.

கோவைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்வது மரியாதை இல்லை. என் கடைக்கு ஒருவர் வருவார். பம்ப்பைத் தடவிப் பார்ப்பார். விலை சொல்வேன். "செரிங்க" என்பார். "இன்னும் கொறச்சுத் தர்றனுங்க" என்பேன். "செரிங்க" என்பார். "போயிட்டு வாரனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போவார். அந்த மனிதர் இனி ஜென்மத்துக்கும் வரமாட்டார் என்பது முதல் 'செரிங்க'விலேயே எனக்குத் தெரிந்துவிடும். இழுத்துச் சொன்னால் ஒரு அர்த்தம், வெட்டிச் சொன்னால் ஒரு அர்த்தம். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இதை நான் பாடமே எடுத்திருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட நான் என் வீட்டுச் 'செரி'யைக் கேட்டு ஏமாந்தேன். இரண்டு 'செரி'. மகளுடையது மூன்று முறை, மனைவியுடையது ஒரு முறை. எனக்கு வேண்டிய அர்த்தம் அதில் இருந்ததால் மேற்கொண்டு காதைக் கொடுக்கவில்லை.

"ஏன் வேண்டாம் கண்ணு?" என்று கேட்டேன். அந்த ஒரு மாதத்தில் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்பது கேட்கும்போதே உறைத்தது.

ஒரு லாரி கடந்துபோயிற்று.

"வாராவாரம் டெஸ்ட் வெப்பாங்கப்பா. மார்க்கு கொறஞ்சுபோன அன்னிக்கு எனக்கு ஊட்டுக்கு வரோணும். வந்து, உங்ககூடயும் அம்மாகூடயும் சண்ட போடோணும். சோறு வேண்டாம்னு சொல்லோணும். அம்மா திட்டோணும். அப்பறம் சாப்பிடோணும்." என் சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். "அங்க யாருகூடப் போடறதுங்க?"

எனக்குப் பேக்கரி வாசலில் நின்று போன பஸ் நினைவுக்கு வந்தது. மகளிடம் அன்றுதான் அந்தக் கதையைச் சொன்னேன். கம்பி வேலி, தேங்காய் பன், பக்கத்துப் பையன் எனக்குப் போட்ட வருகை எல்லாம். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ரெண்டு பன்னுங்களா?" என்று மட்டும் கேட்டாள். வளர்மதி சிரித்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளுக்கும் நான் சொல்லியிராத கதை அது.

மறுவாரம் காந்திபுரத்தில் சேர்ந்தாள். மாணவர் கையொப்பத்தை இந்த முறை அவளே போட்டாள். டெஸ்டில் மார்க் குறைந்த நாட்களில் சொன்னபடி வந்து சண்டை போடுகிறாள். ஒருநாள் ரசத்துக்காக, ஒருநாள் ஃபேன் சத்தத்துக்காக. என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், அடுத்த தேர்வு இனிமேல்தான். கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. பயம் இருக்கிறது.

அக்காவின் போன்

ஆனால் நான் சொல்லவந்த விஷயம் இன்னும் ஒன்று இருக்கிறது. கோவிலுக்குப் போய்வந்த அன்று சாயங்காலம். விளக்கு வைக்கிற நேரம். பூக் கேட்கப் போகிறோம் என்று அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தேன். போன் அடித்தது. சென்னிமலை.

"ஏந்தம்பி, பூக் கேட்டியா? என்ன வந்துச்சு?"

பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. "வெள்ளைங்கக்கா. மூணு தடவையும்."

"மூணு தடவையுமா?"

"ஆமாங்கக்கா. சிவப்பு வரவே இல்லீங்க." ஒரு வார்த்தையும் பொய் இல்லை. இவ்வளவு யோக்கியமாக நான் யாரையும் ஏமாற்றியதில்லை.

அக்கா கத்துவாள் என்று போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தேன். பெட்ஷீட்டைப் பற்றிக் கேட்பாள், கோகுலைப் பற்றிச் சொல்வாள், எனக்கு எதிலும் துப்பில்லை என்பாள். அந்தப் பக்கம் சத்தமே வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று, "அக்கா?" என்றேன்.

"இருக்கறன் தம்பி." அவள் குரல் இறங்கியிருந்தது. "சாமி நல்லதத்தான் சொல்லியிருக்குது. ஊட்டுலயே வெச்சுப் படிக்க வையி."

எனக்குப் புரியவில்லை. இத்தனை நாள் என் பிடரியைப் பிடித்துத் தள்ளியவள் இவள்தானே?

"போன மாசம் கோகுலு லீவுக்கு வந்திருந்தான்," என்றாள். "பொட்டியக் கீழ வெச்சுட்டு, ஒறம்பரைக்கு வந்த விருந்தாளியாட்ட நடு ஊட்டுல நின்னுக்கிட்டு, 'அம்மா, நான் எந்த ரூமுல படுக்கட்டுங்க'ன்னு கேக்கறான். அது அவன் ரூமு தம்பி. பொறந்ததுல இருந்து அவன் படுத்த ரூமு. நான் தெனம் கூட்டித் தொடச்சு வெச்சிருக்கறன்."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"நல்லாப் படிக்கறான், நல்ல பையன், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. எங்கிட்ட ஒரு கொறையும் சொல்றதில்ல. ஒண்ணுமே சொல்றதில்ல. செரி, நீ வையி. போயி அம்மணிகிட்ட எதாச்சும் பேசீட்டிரு."

போனை வைத்தேன். இத்தனை நாள் முன்வரிசை நாற்காலியில் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருந்திருக்கிறது. அதை நினைத்து வெட்கமாக இருந்தது. அவளுக்காக அழவேண்டும் போலவும் இருந்தது.

பிறகு மகளின் அறை வாசலுக்குப் போனேன். நிவேதா கட்டில் முழுக்கப் புத்தகத்தைப் பரப்பிப்போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னுங்கப்பா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. சும்மா."

என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. புத்தகங்களைச் சுவர்ப் பக்கம் தள்ளி எனக்கு இடம் செய்துவிட்டு மறுபடி படிக்க ஆரம்பித்தாள். நான் உட்கார்ந்தேன்.